அறமும் கணக்கும்: வின்செஸ்டர் நகர் அறநிலையம் நமக்குக் கூறும் பாடம்

திருவிழாக் காலத்தில் நம் ஆலயங்களில் நிகழும் அறப்பணிகளுள் அன்னதானமே தலையாயது. பசித்து வந்தவரின் இலையில் சோறு விழும் அந்த நேரத்தில், அரிசி வாங்கிக் கொடுத்தவர் யார், பணம் எவரிடம் இருந்தது, மீதி என்னவாயிற்று என்றெல்லாம் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்ப்பதே பாவம் என்று கருதுவோரும் நம்மிடையே உண்டு. "கொடுத்தாகிவிட்டது, இனி அது கடவுள் பொறுப்பு" என்று கூறிக் கைகூப்பிச் செல்வது நம் மெய்யன்பர்களின் இயல்பு.

அடியேன் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இருந்த சிறிய மாரியம்மன் ஆலயத்தில் ஒரு வழக்கம் இருந்தது. திருவிழா முடிந்த மறுவாரம், வரவு செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஆலயத் தூணில் ஒட்டுவார்கள். பால்மரம் வெட்டும் பெரியவர்களுள் பலருக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆகவே தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டோ ஐந்தாம் ஆண்டோ படிக்கும் மாணவன் ஒருவனை அழைத்து, அத்தாளை உரக்கப் படிக்கச் சொல்வார்கள். ஓராண்டு அந்தப் பொறுப்பு எனக்குக் கிட்டியது. தேங்காய் இத்தனை, கற்பூரம் இத்தனை, மேளக்காரருக்கு இத்தனை, கையிருப்பு இத்தனை என்று படித்து முடித்தபோது, ஒரு பாட்டி, "நான் கொடுத்த ரெண்டு வெள்ளி அதில் இருக்கா தம்பி?" என்று கேட்டார். பெயர்ப் பட்டியலில் தேடி, "இருக்கிறது பாட்டி" என்றேன். அவர் முகத்தில் அப்போது தோன்றிய நிறைவை நான் இன்றுவரை மறக்கவில்லை. பின்னாளில் அரசாங்கப் பணியில் சேர்ந்து எத்தனையோ கணக்குக் கோப்புகளைப் புரட்டிய போதெல்லாம், அந்தப் பாட்டியின் கேள்வியே என் நினைவுக்கு வரும். அக்கேள்வி ஐயத்தால் எழுந்ததன்று, உரிமையால் எழுந்தது.

அத்தகைய கேள்வியைக் கேட்க எவரும் இல்லாது போனால் ஓர் அறநிலையம் என்னவாகும் என்பதற்கு வரலாற்றில் நல்லதொரு சான்று உண்டு. அது நம் நாட்டுக்கு வெகு தொலைவில், இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில் நிகழ்ந்தது. எனினும், நம் ஆலயங்களையும் அறக்கட்டளைகளையும் இன்று ஆளும் சட்ட நெறிகளுக்கும் அந்த நாட்டின் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஆதலின் அவ்வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகிறேன்.

பதின்மூவர்க்கு இல்லம், நூற்றுவர்க்கு உணவு

வின்செஸ்டர் நகருக்குத் தெற்கே, இட்சன் ஆற்றின் அருகில், 'செயின்ட் கிராஸ்' என்னும் அறநிலையம் அமைந்துள்ளது. ஏறத்தாழ 1136ஆம் ஆண்டளவில் இதை நிறுவியவர் பிளாய் ஹென்றி என்பவர். இங்கிலாந்தைப் போரில் வென்ற வில்லியம் மன்னரின் பேரர். ஸ்டீபன் மன்னரின் தம்பி. வின்செஸ்டர் மறைமாவட்டத்தின் பிஷப். செல்வத்துக்கும் செல்வாக்குக்கும் அவரிடம் குறைவே இல்லை.

அவர் விதித்த அறம் மிகத் தெளிவானது. பிறர் துணையின்றி எழுந்து நிற்கவும் இயலாத அளவுக்கு நலிந்த பதின்மூன்று ஏழையர்க்கு அங்கே தங்க இடமும், உடையும், உணவும் அளிக்கப்பட வேண்டும். அவர்களேயன்றி, நல்லொழுக்கமுள்ள வேறு நூறு ஏழையர்க்கு நாள்தோறும் நண்பகல் உணவு வழங்கப்பட வேண்டும். உண்டது போக எஞ்சியதை அவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் அனுமதி உண்டு. இதற்கான செலவுக்கென நிலங்களையும் தேவாலய வருவாய்களையும் அவர் எழுதி வைத்தார். நம் முன்னோர் அன்னசத்திரங்களுக்கு நிலம் எழுதி வைத்த முறையை ஒத்ததே இது.

இந்நிலையத்தை நடத்த ஒரு தலைவர் நியமிக்கப்பட்டார். அவரை நியமிப்பவரும் மேற்பார்வை செய்பவரும் வின்செஸ்டர் பிஷப். ஏழையர் பயனடைவோர், தலைவர் பணியாளர், பிஷப் கண்காணிப்பாளர். ஏட்டளவில் இதைவிடச் செம்மையான ஏற்பாடு வேறில்லை.

முதல் வழக்கு

இருநூறு ஆண்டுகள் கழிந்தன. நிலங்களின் வருவாய் பெருகியது. வருவாய் பெருகப் பெருக, தலைவர் பதவியின் மீது பலருடைய கண்ணும் விழுந்தது. "தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா?" என்பார்கள். புறங்கையை நக்குவதோடு அவர்கள் நின்றிருந்தால் வரலாறு அவர்களை மன்னித்திருக்கும்; அவர்கள் தேனடையையே வீட்டுக்குக் கொண்டுசென்றனர். நிலையத்தின் வருவாய் தலைவர்களின் சொந்தச் செலவுக்குப் போயிற்று. ஏழையர்க்குரிய உணவு குறைந்தது.

1367ஆம் ஆண்டு வின்செஸ்டர் பிஷப்பாகப் பதவியேற்ற விக்கம் வில்லியம் என்பவர் இதைக் கண்டு பொறுக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் நியூ காலேஜ் என்னும் கல்லூரியையும், வின்செஸ்டரில் புகழ்பெற்ற பள்ளியையும் நிறுவிய பெருந்தகை அவர். செயின்ட் கிராஸ் தலைவர்களைக் கணக்குக் காட்டுமாறு அவர் பணித்தார். அவர்கள் அளித்த மறுமொழி கருதத்தக்கது. இப்பதவி தமக்கு வாழ்நாள் மானியமாக வழங்கப்பட்டது என்றும், வருவாய் தமக்கே உரியது என்றும், எவருக்கும் கணக்குக் காட்டும் கடமை தமக்கு இல்லை என்றும் அவர்கள் வாதிட்டனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. போப்பாண்டவரின் ஆணை பெற்ற விசாரணை வரை சென்றது. இறுதியில் விக்கம் வென்றார். வருவாய் ஏழையர்க்கே உரியது, தலைவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்னும் நெறி நிலைநாட்டப்பட்டது.

எனினும், இவ்வெற்றியில் ஒரு குறை இருந்தது. கேள்வி கேட்ட மனிதர் நேர்மையாளர் என்பதால் வெற்றி கிட்டியது. அவருக்குப் பின் வருபவர் கேட்காவிட்டால் என்ன செய்வது என்பதற்கு எந்த ஏற்பாடும் இல்லை.

1696ஆம் ஆண்டின் ஏடு

அவ்வாறே நிகழ்ந்தது. 1696ஆம் ஆண்டில், ஏப்ரகாம் மார்க்லண்ட் என்பவர் தலைவராக இருந்தபோது, 'வழக்காற்று ஏடு' என்றொரு ஆவணம் எழுதப்பட்டது. நிலையத்தின் பழைய விதிமுறைகள் தொலைந்துவிட்டன. ஆகவே நெடுநாளாக இருந்துவரும் வழக்கத்தையே விதியாகக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். அந்த வழக்கம் என்னவெனில், பதின்மூன்று முதியோர்க்கு உரிய படியும் இன்ன பிற செலவுகளும் போக, எஞ்சிய வருவாய் முழுவதும் தலைவருக்கே சேரும் என்பதாகும். மேற்பார்வையாளராகிய பிஷப்பும் அதற்கு இசைவளித்தார்.

இது திருட்டன்று என்று கூறிக்கொள்ள இடமளித்ததே இந்த ஏட்டின் தந்திரம். பூட்டை உடைத்து எடுப்பவன் அகப்பட்டுக்கொள்வான்; விதியை மாற்றி எழுதி எடுப்பவனை யார் பிடிப்பது? அதன் பிறகு நூற்றைம்பது ஆண்டுக் காலம், ஒவ்வொரு தலைவரும் அந்த ஏட்டைக் காட்டியே எஞ்சியதை எடுத்துக்கொண்டார். நூறு ஏழையர்க்கான அன்றாட உணவு நின்றுபோயிருந்தது. பதின்மூன்று முதியோர் மட்டும் கறுப்பு அங்கி அணிந்து, மார்பில் வெள்ளிச் சிலுவை தரித்து, அறம் நடைபெறுவதாக உலகுக்குக் காட்டிக்கொண்டிருந்தனர்.

குத்தகையில் மறைந்த செல்வம்

இவ்வளவு பெரிய தொகை எவ்வாறு எவர் கண்ணிலும் படாமல் போயிற்று என்ற கேள்வி எழலாம். அதற்கான விடை குத்தகை முறையில் உள்ளது. நிர்வாகத்தில் இருப்போர் இதைக் கூர்ந்து நோக்குவது நன்று.

நிலையத்தின் நிலங்கள் நீண்ட காலக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆண்டு வாடகை மிகக் குறைவு. ஆனால் குத்தகையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் குத்தகைக்காரர் பெருந்தொகை ஒன்றை ஒரே தடவையில் செலுத்த வேண்டும். நம் கணக்கில் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஆண்டுக்கு ஐயாயிரம் வெள்ளி பெறுமானமுள்ள நிலத்துக்கு ஆண்டு வாடகை இருநூறு வெள்ளி மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். குத்தகையைப் புதுப்பிக்கும் நாளில் முப்பதாயிரம் வெள்ளி கைமாறுகிறது. இருநூறு வெள்ளி நிலையத்தின் ஏட்டில் ஏறும். முப்பதாயிரம் வெள்ளி தலைவரின் பையில் ஏறும். கணக்கேட்டைப் பார்ப்பவர்க்கு அது ஏழை நிலையம். உண்மையிலோ அது செல்வச் சுரங்கம்.

இதனால் விளைந்த கேடு இரண்டு. முதலாவது, இன்றைய ஏழை தன் பங்கை இழந்தான். இரண்டாவது, குத்தகை நீண்ட காலத்துக்கு உரியதாகையால், வருங்கால ஏழையின் பங்கையும் இன்றைய தலைவரே முன்கூட்டி எடுத்துக்கொண்டார்.

தந்தை நியமித்த மகன்

1808ஆம் ஆண்டில் வின்செஸ்டர் பிஷப்பாக இருந்தவர் பிரவுன்லோ நார்த். அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனின் கையைவிட்டு நழுவிய காலத்தில் பிரதமராக இருந்த நார்த் பிரபுவின் தம்பி. அவர் தம் சொந்த மகனாகிய பிரான்சிஸ் நார்த்தைச் செயின்ட் கிராஸ் தலைவராக நியமித்தார். சவுத்தாம்ப்டன் நகரின் செயின்ட் மேரி தேவாலயப் பதவி உள்ளிட்ட வேறு வருவாய்களும் அவருக்கு இருந்தன. 1827இல் கில்ஃபோர்டு பிரபு என்னும் பட்டமும் அவரை வந்தடைந்தது. நாற்பத்தேழு ஆண்டுகள் அவர் செயின்ட் கிராஸ் தலைவராக நீடித்தார்.

இங்கே கண்காணிப்பு இல்லை என்று கூற முடியாது. கண்காணிப்பாளர் இருந்தார், ஆனால் கண்காணிக்கப்பட வேண்டியவர் அவருடைய பிள்ளை. "கோயில் பூனை தேவருக்கு அஞ்சாது" என்னும் நம் பழமொழி இதற்கென்றே பிறந்தது போலும்.

நாட்டின் சட்டமும் இதற்குத் துணையாக நின்றது. 1601ஆம் ஆண்டில், எலிசபெத் அரசியார் காலத்தில், அறப் பயன்பாடுகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. அறச்சொத்துகள் முறைகேடாகப் பயன்படுத்தப்பட்டால் ஆணையர்களை அனுப்பி விசாரிக்க அது வழிவகுத்தது. ஆனால், நிறுவியவரே தனி மேற்பார்வையாளரை ஏற்படுத்தியிருந்தால் அந்நிலையத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்ற விலக்கும் அதில் இருந்தது. 1818இல் புரூம் என்னும் சட்ட அறிஞரின் முயற்சியால் நாடு முழுவதிலும் உள்ள அறக்கட்டளைகளை ஆராய ஆணையம் அமைக்கப்பட்டபோதும், தொடக்கத்தில் அதே விலக்கு அளிக்கப்பட்டது. மேற்பார்வையாளர் ஒருவர் பெயரளவில் இருந்தமையே வெளியார் எவரும் உள்ளே பாராதபடி தடுக்கும் கதவாயிற்று.

நீதிமன்றத்தின் தீர்ப்பு

1840ஆம் ஆண்டுகளில் நிலைமை மாறத் தொடங்கியது. புரூம் தொடங்கி வைத்த ஆய்வு 1837 வரை நீடித்து, ஏறத்தாழ இருபத்தொன்பதாயிரம் அறக்கட்டளைகளைப் பற்றிய செய்திகளைத் திரட்டியிருந்தது. தங்கள் ஊரில் எந்த அறத்துக்கு எவ்வளவு சொத்து உள்ளது என்பதை மக்கள் முதன்முறையாக அறிந்தனர். அறிந்தவர்கள் கேள்வி கேட்டனர்.

செயின்ட் கிராஸ் விவகாரம் பொதுமக்களின் பார்வைக்கு வந்தது. 1849இல் சட்டத்துறைத் தலைவரின் பெயரால் சான்சரி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 1853ஆம் ஆண்டில் நீதிபதி சர் ஜான் ரோமிலி தீர்ப்பளித்தார். 1696ஆம் ஆண்டின் வழக்காற்று ஏட்டை அவர் ஏற்கவில்லை. அதை மிகக் கடுமையாகக் கண்டித்தார். இந்நிலையம் ஏழையர்க்கான அறம். அதன் தலைவர் அறங்காவலரேயன்றி உரிமையாளர் அல்லர் என்று தீர்ப்பாயிற்று. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் விக்கம் நிலைநாட்டிய அதே நெறி, மீண்டும் ஒரு முறை முதலிலிருந்து நிலைநாட்டப்பட வேண்டியதாயிற்று. 1855இல் கில்ஃபோர்டு பிரபு பதவியிலிருந்து விலகினார். பின்னர் அறங்காவலர் குழு அமைக்கப்பட்டுப் புதிய நிர்வாகத் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும், அத்தனை ஆண்டுகளாகக் குத்தகைப் புதுப்பிப்பின் மூலம் எடுத்துச் செல்லப்பட்ட பணத்தில் பெரும்பகுதி திரும்பி வரவே இல்லை. இதை நாம் மனத்தில் இருத்த வேண்டும். காலங்கடந்த நீதி எதிர்காலத்தைத்தான் சீர்செய்யும். உண்ணாமல் போன நண்பகல் உணவை எந்த நீதிமன்றத்தாலும் திருப்பித் தர இயலாது.

நல்லவர் என்பது போதுமா?

அக்காலத்தில் செயின்ட் கிராஸ் மட்டுமே இத்தகைய நிலையில் இருந்ததன்று. ராச்செஸ்டர் நகரின் தேவாலயப் பள்ளித் தலைமையாசிரியர் ராபர்ட் விஸ்டன் என்பவர், ஏழை மாணவர்க்கு எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் விதிக்கப்பட்ட உதவித்தொகை உயராமலே இருக்க, நிர்வாகிகளின் வருவாய் மட்டும் பன்மடங்கு பெருகியிருப்பதைக் கண்டார். 1849இல் அதை நூலாக எழுதி வெளியிட்டார். கேள்வி கேட்டதற்காகவே அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். நெடிய போராட்டத்துக்குப் பின்னரே பணியை மீண்டும் பெற்றார். அறநிலையத்தின் உள்ளிருந்து உண்மை பேசுவோர்க்கு எக்காலத்திலும் கிடைக்கும் பரிசு அதுதான் போலும்.

இந்நிகழ்வுகளின் தாக்கத்தால் ஆண்டனி டிரோலோப் என்னும் ஆங்கில நாவலாசிரியர் 1855இல் 'தி வார்டன்' என்ற புதினத்தை வெளியிட்டார். அதில் வரும் ஏழையர் இல்லத்தின் தலைவர் ஹார்டிங் கெட்டவர் அல்லர்; மென்மையானவர், முதியோரிடம் அன்புடையவர். ஆனால் பன்னிரு முதியவர்களும் சிறு படியில் வாழ, அவருக்கு ஆண்டுக்கு எண்ணூறு பவுன் வருகிறது. இது எனக்கு உரியதுதானா என்று அவர் மனச்சாட்சியே அவரைக் கேட்கிறது. முடிவில் பதவியைத் துறக்கிறார். ஆயினும் முதியோர்க்கு நன்மை விளையவில்லை. அவர்கள் தம் நல்ல துணைவரை இழந்ததுதான் மிச்சம்.

அக்கதை நமக்கு இரண்டு உண்மைகளை உணர்த்துகிறது. நிர்வாகி நல்லவர் என்பதால் கணக்குக் கேட்பது தேவையற்றதாகிவிடாது என்பது ஒன்று. கணக்குக் கேட்போர் ஏழையின் நலனை மறந்து, சண்டையை மட்டுமே நினைவில் கொண்டால், அதுவும் அறமாகாது என்பது மற்றொன்று.

நம் கரையை வந்தடைந்த சட்டம்

செயின்ட் கிராஸ் தீர்ப்பு வெளியான அதே 1853ஆம் ஆண்டில், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அறக்கட்டளைகளுக்கான சட்டத்தை இயற்றி, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நிரந்தர அறக்கட்டளை ஆணையத்தை நிறுவியது. எவரேனும் முறையிடும்வரை காத்திராமல், கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் பொறுப்பு ஓர் அரசு அமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது. தனி மனிதரின் நேர்மையை நம்பியிருந்த காலம் போய், அமைப்பின் ஒழுங்கை நம்பும் காலம் வந்தது.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை நீரிணைக் குடியேற்றங்களாக இருந்த காலத்தில், 1826ஆம் ஆண்டின் நீதிச் சாசனத்தின் வழியாக ஆங்கிலச் சட்டம் இங்கு வேரூன்றியது. அதனோடு அறக்கட்டளை, அறங்காவலர் என்னும் சட்டக் கருத்துகளும் வந்தன. நம் முன்னோர் இங்கே ஆலயம் எழுப்பி, அதற்கென வீடும் நிலமும் வாங்கி வைத்தபோது, அச்சொத்துகள் இந்தச் சட்டத்தின் நிழலில்தான் அமைந்தன. சில வழிபாட்டு அறநிலையங்களின் சொத்துகள் செவ்வனே நிர்வகிக்கப்படவில்லை என்ற முறையீடுகள் எழவே, 1905ஆம் ஆண்டில் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கான அவசரச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன் வழித்தோன்றல்களே பினாங்கு இந்து அறப்பணி வாரியமும், 1968ஆம் ஆண்டில் சட்டமுறை வாரியமாக அமைக்கப்பட்ட சிங்கப்பூர் இந்து அறக்கட்டளை வாரியமும் ஆகும்.

நம் நாட்டில் உள்ள ஏனைய ஆலயங்களுள் மிகப் பல, 1966ஆம் ஆண்டின் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவை. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தி, அது முடிந்த அறுபது நாள்களுக்குள் ஆண்டறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு அனுப்பும் கடமை அவற்றுக்கு உண்டு. பலர் இதை வெறும் காகித வேலை என்று எண்ணிச் சலித்துக்கொள்கின்றனர். ஐந்நூறு ஆண்டுக் கால ஏழையரின் பசியிலிருந்து பிறந்த விதி இது என்பதை அறிந்தால் அச்சலிப்புத் தோன்றாது.

அண்டை நாட்டில் 2005

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சிங்கப்பூரில் ஏழைச் சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தச் சுத்திகரிப்புச் சிகிச்சை அளிக்க, 1969இல் தேசிய சிறுநீரக அறநிறுவனம் தொடங்கப்பட்டது. நாடெங்கிலும் சாதாரண மக்கள் மாதந்தோறும் சிறுதொகை அனுப்பி அதை வளர்த்தனர். அதன் தலைமை நிர்வாகி விமானத்தில் முதல் வகுப்பில் பயணம் செய்கிறார் என்று 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் கூறியவர்கள் மீது அவதூறு வழக்குத் தொடுக்கப்பட்டது. அவர்கள் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. பின்னர் ஒரு நாளிதழ் வெளியிட்ட கட்டுரைக்காக அதன் மீதும் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவ்வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, குறுக்கு விசாரணையில் உண்மைகள் வெளிப்பட்டன. முதல் வகுப்புப் பயணம் மெய். ஓராண்டில் ஊக்கத்தொகை உட்பட ஏறத்தாழ ஆறு இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி ஊதியம். இருபத்தாறு கோடி வெள்ளிக்கு மேற்பட்ட கையிருப்பு. இரண்டே நாளில் வழக்கு மீட்டுக்கொள்ளப்பட்டது. தலைமை நிர்வாகியும் வாரிய உறுப்பினர்களும் பதவி விலகினர்.

அந்த வாரியத்தில் படித்தவர்களும் பெருந்தகையோரும் இல்லாமல் இல்லை. ஆனால் மேற்பார்வை செய்ய வேண்டியவர்கள், தம் அதிகாரத்தை மேற்பார்வை செய்யப்பட வேண்டியவரிடமே விட்டுவிட்டனர். வின்செஸ்டரில் தந்தைப் பாசம் செய்ததை, இங்கே நம்பிக்கையும் தயக்கமும் செய்தன. உண்மை வெளிவந்ததும் ஆயிரக்கணக்கானோர் தம் நன்கொடையை நிறுத்தினர். அவர்களின் சினம் நியாயமானதே. ஆனால், இயந்திரத்தின் அருகே படுத்திருந்த நோயாளி எந்தத் தவறும் செய்தவர் அல்லரே! புதிய நிர்வாகம் பொறுப்பேற்று, நம்பிக்கையைச் சிறுகச் சிறுக மீட்டெடுத்தது. 2007இல் அங்கு அறக்கட்டளைச் சட்டம் வலுவாக்கப்பட்டு, அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறையும் வெளியிடப்பட்டது. அந்நிறுவனம் இன்றும் நோயாளிகளுக்குத் தொண்டாற்றி வருகிறது.

நாம் கொள்ளத்தக்கவை

இவ்வரலாற்றிலிருந்து நம் ஆலய நிர்வாகங்களும் உறுப்பினர்களும் கொள்ளத்தக்க சிலவற்றைப் பணிவோடு கூற விரும்புகிறேன்.

முதலாவதாக, எந்த நோக்கத்துக்காகப் பணம் பெறப்பட்டதோ அந்த நோக்கம் எழுத்தில் இருக்க வேண்டும். அவ்வெழுத்து தொலைந்துவிடாமல் காக்கப்பட வேண்டும். மூலப் பத்திரம் மறைந்த இடத்தில்தான் 'வழக்கம்' என்பது முளைக்கிறது. கல்வி நிதிக்கென்று பெற்றதைக் கல்விக்கே செலவிட வேண்டும்; கோபுரம் எழுப்புவதற்காயினும் அதைத் திருப்பக் கூடாது.

இரண்டாவதாக, கணக்கைப் பார்ப்பவர் கணக்கை எழுதுபவரின் உறவினராகவோ, அவருக்குக் கடன்பட்டவராகவோ இருத்தலாகாது. கணக்காய்வாளரைத் தேர்ந்தெடுக்கும்போது, "நம்ம ஆள்தான்" என்று கூறிக் கைதூக்குவது நமக்குப் பழகிப்போன ஒன்று. 1808ஆம் ஆண்டில் பிரவுன்லோ நார்த்தும் அவ்வாறே எண்ணியிருப்பார்.

மூன்றாவதாக, ஆலயத்துக்குச் சொந்தமான கடை, வீடு, மண்டபம், நிலம் ஆகியவற்றின் வாடகையும் குத்தகை உடன்பாடும் பொதுக்கூட்டத்தில் வெளிப்படையாகக் கூறப்பட வேண்டும். உண்டியலை எண்ணும்போது பத்துப் பேர் சுற்றி நிற்கிறோம். குத்தகையைப் புதுப்பிக்கும்போது எத்தனை பேர் உடன் இருக்கிறோம்?

நான்காவதாக, கேள்வி கேட்பவரைப் பகைவராகக் கருதலாகாது. கேட்பவரும் பண்போடு கேட்க வேண்டும். கேட்டதற்கு விடை கிடைத்தபின் அமைதி கொள்ளவும் வேண்டும். நிர்வாகத்தினர் தம் குடும்ப நேரத்தையும் கைப்பொருளையும் செலவிட்டு உழைப்பவர்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நேர்மையான நிர்வாகிக்குக் கணக்கேடே கவசம். வீண்பழியிலிருந்து அவரைக் காப்பதும் அதுவே.

"சிவன் சொத்து குல நாசம்" என்று நம் பெரியோர் எச்சரித்தனர். அவ்வச்சம் ஒரு காலத்தில் பூட்டாக இருந்து ஆலயச் சொத்தைக் காத்தது. அச்சம் குறைந்துவிட்ட இக்காலத்தில் அந்தப் பூட்டின் வேலையைக் கணக்கேடு செய்ய வேண்டியுள்ளது. தெய்வத்தின் பெயரால் பெறப்பட்டு ஏழைக்குச் சேர வேண்டிய பணம், தெய்வத்துக்கும் ஏழைக்கும் இடையே எங்கே நின்றது என்பதைக் காட்டுவது அவ்வேடு ஒன்றுதான்.

செயின்ட் கிராஸ் நிலையம் இன்றும் உள்ளது. முதியோர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். வழிப்போக்கர் எவரேனும் வாயிலில் நின்று கேட்டால், ஒரு துண்டு ரொட்டியும் ஒரு சிறு குவளைப் பானமும் தரும் வழக்கம் இன்றளவும் தொடர்கிறது. இத்தனை கொள்ளைக்குப் பின்னும் அந்த அறம் சாகவில்லை. நிறுவியவரின் நோக்கம் தூயதாக இருந்தமையும், நூற்றாண்டுக்கு ஒருவரேனும் எழுந்து நின்று கணக்குக் கேட்டமையுமே அதற்குக் காரணம்.

இவ்வாண்டுத் திருவிழா நிறைவுற்றபின், ஆலயத்தின் அறிவிப்புப் பலகையில் வரவு செலவுக் கணக்கு ஒட்டப்படும்போது, மெய்யன்பர்கள் ஒரு நிமிடம் நின்று அதைப் படிக்க வேண்டுகிறேன். உடன் வரும் பிள்ளைகளை அழைத்து, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளியில் கற்ற தமிழ் அதற்கும் பயன்படட்டும். இரண்டு வெள்ளி கொடுத்த பாட்டி ஒருவர் அருகில் நின்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடும்.

அனைவர்க்கும் அன்னை மாரியம்மனின் திருவருள் கிட்டுவதாக.